விதைக்கு விட்ட தக்காளி

வற்றாப்பளையில் ஒரு பழக்கதை இருக்கு. கண்ணகை அம்மன் கோயிலடியில் நிண்ட பனிச்சை மரத்தின்ர கதை. பறங்கி அதிகாரி ஒருவன் வந்து அம்மனைப் பழித்துப் பேசினானாம். மரம் தானாய்க் குலுங்கி, காய்களை அவன்மேல் சொரிஞ்சு விரட்டிச்சாம். வைகாசிப் பொங்கலுக்குப் போற எங்கட ஆக்கள் கடல்நீரில் எரியிற விளக்கைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு எங்களுக்கு வேண்டியது பனிச்சை. ஏனெண்டால், விரட்டுப்பட்ட அதே பறங்கியரின்ர கப்பல்களோடதான் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் கனக்க எங்கட கடலுக்கு வந்தன. மிளகாய், பப்பாசி, அன்னாசி, கொய்யா, மரமுந்திரிகை, அவற்றோடு தக்காளி. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் பிடிச்சவை 1658இல் ஒல்லாந்தரிட்டத் தோற்றுப் போனார்கள். ஆக்கள் போயிட்டினம், பழம் நிண்டிட்டுது. பழம் வேகிற 'குசினி' எண்ட சொல்லும் அவையள் விட்டுட்டுப் போனதுதான்.

தக்காளி எண்ட பெயர் மட்டும் எங்கட. இது கொஞ்சம் ருசியான விசயம், அதால இதில கொஞ்சம் நிக்கிறம். தக்காளி வாறதுக்கு முன்னமே தமிழில் தக்காளி இருந்தது. கடதாசிக் கூடு மாதிரி ஒரு உறைக்குள்ள சின்ன மஞ்சள் பழம் இருக்கிற செடி, சின்னப் பிள்ளையள் நெத்தியில அடிச்சு 'டொக்' எண்டு வெடிக்க வைக்கிறது, அதுக்குத்தான் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் சொடக்குத் தக்காளி எண்டு சொல்லுவினம். மணத்தக்காளியும் அந்தக் குடும்பம்தான். வெளியில இருந்து வந்த பெரிய சிவப்புப் பழத்தை முதல் 'சீமைத்தக்காளி' எண்டு சொல்லிச்சினம். பிறகு சீமை உதிர்ந்து போச்சு. சிங்களத்திலும் அதே சொல்தான், 'தக்காளி'.

இப்ப மெக்சிகோவுக்குப் போவம். அங்க நஹுவாட்டில் மொழியில் 'தொமாட்டில்' எண்ட சொல்லும் உறைக்குள்ள காய்க்கிற அந்தச் சாதிப் பழங்களுக்கும் சேர்த்து வழங்கின சொல். இப்ப நாங்கள் தக்காளி எண்டு சொல்லுறதை அவையள் 'ஷிதொமாட்டில்' எண்டு பிரிச்சுச் சொன்னவை. ஸ்பானியர் முன்பாதியை விட்டுட்டுப் பின்பாதியைக் காவிக்கொண்டு போய் 'தொமாத்தே' ஆக்கிச்சினம். ஒண்டோட ஒண்டு தொடர்பே இல்லாத ரெண்டு மொழியிலயும், வேலியோரத்துச் சின்னப் பழத்தின்ர பெயரைத்தான் பெரிய பழம் எடுத்துக்கொண்டது.

ஐரோப்பாவில் 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி இதைப் பற்றி எழுதினார். அதுக்குப் பிறகும் கனகாலம் அங்க சனம் பயந்து பயந்துதான் சாப்பிட்டது. நஞ்சுச்செடியான பெல்லடோனாவும் இதே குடும்பம் எண்டது ஒரு காரணம். எங்கட பக்கத்திலும் தக்காளி உடன குசினிக்குள்ள வந்ததெண்டு நினைக்கவேண்டாம். புளிக்கு எங்களிட்டப் பழப்புளி இருந்தது, கொறுக்காய் இருந்தது, தேசிக்காய் இருந்தது, மாங்காயும் இருந்தது. இப்பவும் மீன்குழம்புக்குத் தக்காளி போட்டால் முகம் சுழிக்கிற அம்மம்மாமார் இருக்கினம். தெற்காசியா முழுக்கவும் தக்காளி அன்றாடச் சமையலுக்குள் வந்தது வெள்ளைக்காரர் ஆட்சியின்ர பிற்காலத்தில்தான்.

அப்படி வந்த ஒரு பழத்தை 'பரம்பரைத் தக்காளி' எண்டு சொல்லலாமோ? ஆங்கிலத்தில் 'எயர்லூம்' எண்டு ஒரு சொல் இருக்கு. தாத்தாவின்ர மணிக்கூடு, பாட்டியின்ர பதக்கம் மாதிரி, கைமாறிக் கைமாறி வாற குடும்பச் சொத்துக்குச் சொல்லுறது. அதைத் தக்காளிக்கும் வைச்சிருக்கினம். 50 வருசமாவது கைமாறி வந்திருக்கவேணும் எண்டு சிலர் சொல்லுவினம். இரண்டாம் உலகப்போருக்கு முந்தினதாய் இருக்கவேணும் எண்டு வேறு சிலர். எல்லாரும் ஒத்துக்கொள்ளுற விசயம் ஒண்டுதான்: அதின்ர விதையைப் போட்டால் அதே தக்காளி வரவேணும்.

கடையில் விக்கிற ஒட்டுவிதைப் பக்கற்றுகளில் 'எஃப்1' எண்டு போட்டிருப்பினம். ரெண்டு வேறு வேறு தாய் தகப்பனைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை எண்டது அதின்ர அர்த்தம். அந்தச் செடி வடிவாய்க் காய்க்கும். அதின்ர பழத்தில் விதை எடுத்து அடுத்த முறை நட்டால், பிள்ளையள் ஒண்டு தாயைப் போல, ஒண்டு தகப்பனைப் போல, ஒண்டு ஆரையும் போல இல்லாமல் வரும். அதால ஒவ்வொரு போகத்துக்கும் திரும்பக் கடைக்குப் போகவேணும். வழிவழியாய் வாற தக்காளிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்க்கிற பூ. பக்கத்து வளவில் வேற சாதி நிண்டாலும் பெரிசாய்க் கலக்காது. விதை சேமிக்கப் பழகிறவைக்கு இதைவிட லேசான மரக்கறி கிடையாது.

அமெரிக்காவில் இதுக்கு ஒரு பேர்போன கதை இருக்கு. மேற்கு வர்ஜீனியாவில் லோகன் எண்ட இடத்தில் பைல்ஸ் எண்டவர் வாகனங்களின்ர ரேடியேற்றர் திருத்துறவர். 1930களில், பெரிய பழம் காய்க்கிற நாலு சாதியை எடுத்து, வருசக்கணக்காய்க் கலந்து, விதை தெரிஞ்சு ஒரு தக்காளியை உருவாக்கினார். படிப்பு வாசனை இல்லாத ஆள். நாத்து ஒண்டை ஒரு டொலருக்கு வித்து, ஆறு வருசத்தில் 6000 டொலர் வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சார். அந்தச் சாதிக்கு இண்டைக்கும் 'ஈடு மீட்டான்' எண்ட கருத்துள்ள பெயர்தான். இந்தக் கதையில் எங்களுக்குப் பிடிச்சது கடன் இல்லை. அவர் அதை முன்னோரிட்ட இருந்து வாங்கேல்லை, தானே தொடங்கினார் எண்டதுதான். பரம்பரை எண்டதுக்கும் ஒரு முதல் ஆள் இருந்திருக்கிறார்.

வன்னிக்கு வருவம்.

எங்கட பக்கத்தில் தக்காளி ஒரு மாரிகால விருந்தாளி. ஐப்பசியில் மழை தொடங்க நாத்துமேடை போட்டு, அடைமழை ஓய ஓய கண்டு நட்டு, தை, மாசி, பங்குனியில் பழம் பிடுங்கிறது. அதுக்குப் பிறகு வெயில் ஏறிடும். இரவும் குளிராமல் புழுங்கினால் தக்காளி பூக்கும், ஆனால் பிடிக்காது, பூ கொட்டிப்போகும். போதாததுக்கு வாடல் நோய். நேற்று நல்லாய் நிண்ட செடி இண்டைக்குப் பச்சையாவே தலை சாய்ச்சிடும், மண்ணில் இருக்கிற பக்ரீரியாவின்ர வேலை. இதெல்லாத்தையும் தாங்கி ஒரு செடி பங்குனி வரை நிண்டு காய்ச்சால், அந்தச் செடியில இருந்துதான் விதை எடுக்கவேணும். நல்ல பழத்தைச் சாப்பிடாமல் 'விதைக்கு விடு' எண்டு சொல்லுறது அதுக்குத்தான். அப்படிப் பத்து, பதினைஞ்சு மாரி போனால், செடி அந்த வளவின்ர உவர்த் தண்ணியையும் மணலையும் பழகிடும். நந்திக்கடல் பக்கத்துக் கிணறுகளின்ர ருசி தெரிஞ்சவைக்கு இது விளங்கும்.

ஆனால் பங்குனியில் எடுத்த விதை ஐப்பசி வரை ஒரு இடத்தில் இருக்கவேணும். அதை எடுத்தவரும் அந்த இடத்தில் இருக்கவேணும். இந்த ரெண்டாவது நிபந்தனைதான் எங்கட வரலாற்றில் பிழைச்சது.

1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. யூரியா வெடிமருந்துக்குப் பாவிக்கலாம் எண்டு தடை. மண்ணெண்ணெய், பற்றி, சவர்க்காரம் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. அந்தக் காலத்தைக் கடந்து வந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கோ. கடையில் விதைப் பக்கற் இல்லாத இடத்தில் போன போகத்துப் பழம்தான் அடுத்த போகத்துச் செடி. சாம்பலில் பிரட்டி, துணியில முடிஞ்சு, அடுப்புப் புகை படுற இடத்தில தொங்கவிட்ட முடிச்சுகள். வறுமையைப் புகழ எங்களுக்கு விருப்பமில்லை. மருந்தில்லாமல் செத்தவையின்ர காலமும் அதுதான். ஆனால் விதையை வீட்டில் வைச்சிருக்கிற பழக்கத்தை அந்தத் தடை தன்ர பாட்டில காப்பாத்தி வைச்சது எண்டது உண்மை. 2002இல் ஏ9 வீதி திறந்தது. லொறிகள் வந்தன, தம்புள்ளை மரக்கறி வந்தது, பளபளப்பான விதைப் பக்கற்றும் வந்தது. 2006இல் வீதி திரும்பப் பூட்டுப்பட்டது.

பிறகு அந்தக் கடைசி மாரி. நாட்காட்டியையும் தக்காளியையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 2009 தை 25 அண்டைக்கு முல்லைத்தீவு நகரம் இராணுவத்திட்ட விழுந்தது. வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்றுச் சனம் அதுக்கு முன்னமே இடம்பெயரத் தொடங்கியிட்டுது. 2008 கார்த்திகையில் ஆர் நாத்து நட்டிருந்தாலும், பழுக்கிற நேரம் அந்த வளவில் ஆளில்லை. விதைக்கு விடவேண்டிய பழம் செடியிலயே அழுகியிருக்கும். பங்குனியில் சனம் மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் பங்கருக்குள்ள. வைகாசியில் எல்லாம் முடிஞ்சு, மெனிக் பாம் கூடாரங்கள். அந்த ஐப்பசியில் நாத்துமேடை போட நிலம் இல்லை, போட விதையும் இல்லை. நகையை இடுப்பில் முடிஞ்சு கொண்டுபோனவை இருக்கினம், உறுதியைப் பொலித்தீனில் சுத்தினவை இருக்கினம். தக்காளி விதையை ஆர் நினைச்சிருப்பினம்?

இந்த இழப்புக்கு எங்களிட்டப் பட்டியல் இல்லை. எந்தச் சாதி, எந்த நிறம், எத்தினை வீட்டில் நிண்டது எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. சிரியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. அலெப்போவுக்குப் பக்கத்தில் இக்கார்டா எண்ட ஆய்வு நிலையத்தில் பெரிய விதை வங்கி இருந்தது. போர் நெருங்க முன்னமே விதைகளின்ர பிரதிகளை நோர்வேயின்ர ஸ்வால்பார்ட் பனிமலைக் களஞ்சியத்துக்கு அனுப்பி வைச்சிருந்தவை. 2015இல் அதைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைச்சுப் பெருக்கி, 2017இல் திரும்ப வைச்சினம். அந்தக் களஞ்சியத்தில் இருந்து முதன்முதல் விதை வெளியில வந்தது அப்பதான். இலங்கையிலும் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் அரசின்ர மரபணு வள நிலையம் 1980களின் கடைசியில் இருந்து இருக்கு. ஆனால் அடுப்புக்கு மேல தொங்கின முடிச்சுக்குப் பிரதி எடுக்கிற நிலையம் உலகத்தில் எங்கயும் இல்லை.

மீள்குடியேற்றத்தில் சனத்துக்கு உலருணவும் கிடைச்சது, விதையும் கிடைச்சது. திணைக்களமும் ஐநாவின்ர உணவு விவசாய அமைப்பும் தொண்டு நிறுவனங்களும் குடுத்தவை. அது பெரிய உதவி, அதில குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனால் வற்றாப்பளைக்குப் பக்கத்துக் கேப்பாப்பிலவுச் சனத்தைப் பாருங்கோ. 2012 புரட்டாதியில் மெனிக் பாம் மூடேக்க கடைசியாய் வெளியில வந்தவையில் அவையும் இருந்தவை. சொந்த ஊருக்கு இல்லை, சீனியாமோட்டையில் காடு வெட்டின காணிக்கு. ஊர்க் காணி படை முகாமுக்குள்ள. 2017இல் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்து கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாய்க் காணி விடுபட்டது, அதுவும் முழுக்க இல்லை. வேலிக்கு அங்கால இருக்கிற தன்ர கிணத்தை வெளியில நிண்டு பாக்கிற ஒருத்தரிட்ட 'வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ, உடம்புக்கு நல்லது' எண்டு எப்பிடிச் சொல்லுறது?

2022இல் அரசாங்கம் எல்லாருக்கும் அதைத்தான் சொன்னது. முதல் வருசம் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, அதே வருசக் கார்த்திகையில் தடையை எடுத்து, பிறகு டொலரும் முடிஞ்சு, ஆனியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. நாங்கள் சிரிச்சம். பசளை இல்லாமல் பயிர் செய்யிறது எங்கட அம்மாமாருக்குப் புதுசில்லை. ஆனால் விதைக்கடையில் பக்கற்றின்ர விலையைக் கேட்டபோது சிரிப்பு நிண்டிட்டுது. நாட்டுக்கு வாற ஒட்டு மரக்கறி விதையில் பெரும்பங்கு இறக்குமதி. ரூபா விழ விதை ஏறும்.

சரி, இவ்வளவு கரைச்சல்பட்டு வளர்த்தால் ருசியில் என்ன வித்தியாசம் எண்டு கேப்பீங்கள். கேக்கவேணும்.

கடைத் தக்காளி தூரம் போகப் பிறந்தது. தோல் தடிப்பு, சதை இறுக்கம், காயாய்ப் பிடுங்கிப் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏத்தினாலும் நசியாது. எல்லாம் ஒரே நிறத்தில் பழுக்கும். இந்த ஒரே நிறத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. பழைய சாதித் தக்காளியில் காம்படியில் தோள்பட்டை மாதிரிக் கடும்பச்சை இருக்கும், பழுத்தாலும் அந்த இடம் கொஞ்சம் மஞ்சளாய் நிக்கும். வாங்கிறவைக்கு அது வடிவில்லை. அதால ஒரே சீராய் வெளிறின பச்சையில் இருந்து சிவக்கிற ஒரு மாற்றத்தைப் போன நூற்றாண்டில் வளர்ப்பாளர்கள் தெரிஞ்செடுத்து, கிட்டத்தட்ட எல்லாக் கடைச் சாதிக்குள்ளும் புகுத்திச்சினம். 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அந்தக் கடும்பச்சையை உண்டாக்கிற மரபணுதான் பழத்துக்குள்ள சீனியையும் கூட்டித் தாறது எண்டு காட்டினது. வடிவுக்காக விட்டது இனிப்பு. சந்தையில் நாங்கள் ஒதுக்கித் தள்ளுற அந்தப் பச்சைத் தோள்தான் ருசியின்ர அடையாளம்.

இன்னொண்டு, குளிர்சாதனப் பெட்டி. தக்காளியின்ர ருசியில் பாதி மணம். 12 பாகைக்குக் கீழ நாள்கணக்கில் வைச்சால் மணத்தை உண்டாக்கிற வேலை நிண்டிடும், வெளியில எடுத்து வைச்சாலும் முழுக்கத் திரும்பாது. செடியில் சிவந்ததைப் பின்னேரம் பிடுங்கி, வெயில் சூடு ஆறமுன்னம் உப்புத் தொட்டுச் சாப்பிட்டவைக்கு இந்த ஆய்வு தேவையில்லை.

உடம்புக்கு? இதில இணையத்தில் கனக்கக் கயிறு விடுகினம், அதால அளந்து சொல்லுறம். 100 கிராம் தக்காளியில் 95 கிராம் அளவு தண்ணி. 18 கலோரி, விற்றமின் சி 14 மில்லிகிராம் அளவு, பொற்றாசியம் 240 மில்லிகிராம் அளவு, சிவப்பு நிறத்தைக் குடுக்கிற லைக்கோப்பீன் 3 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைய. லைக்கோப்பீன் பச்சையாய்ச் சாப்பிடேக்க உடம்பில் குறைவாய்த்தான் சேரும். சமைச்சு, கொழுப்போட சேர்ந்தால் கூடச் சேரும். அப்ப தேங்காய்ப்பால் விட்ட தக்காளிச் சொதி? எங்கட அம்மம்மாமார் லைக்கோப்பீனை நினைச்சுக் காய்ச்சேல்லை, ஆனால் வழி சரி. விற்றமின் சி வேணுமெண்டால் சம்பலாய், பச்சையாய்ச் சாப்பிடவேணும். ரெண்டும் மாறி மாறிச் சாப்பிட்டால் முடிஞ்சுது பிரச்சினை.

புற்றுநோயைத் தடுக்கும் எண்டு சொல்லுறதை அப்படியே நம்பவேண்டாம். 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆதாரங்களைப் பாத்துட்டு, மிகமிகக் குறைவு எண்டுதான் சொன்னது. வீட்டுச் சாதி எண்ட காரணத்துக்காக ஊட்டம் கூடும் எண்டும் இல்லை. நிறம், மண், வெயில், எப்ப பிடுங்கினது எண்டதுகளில்தான் அது இருக்கு. சில செம்மஞ்சள் சாதிகளில் இருக்கிற லைக்கோப்பீன் வேற வடிவத்தில் இருக்கிறதால் உடம்பில் லேசாய்ச் சேரும் எண்டு ஆய்வு இருக்கு. வீட்டுத் தக்காளியின்ர பெரிய நன்மை எங்களுக்குத் தெரிஞ்சு வேற: என்ன மருந்து அடிச்சது, எப்ப அடிச்சது எண்டு உங்களுக்குத் தெரியும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய் பரவியிருக்கிறதால் ஒண்டைச் சொல்லியே ஆகவேணும். பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னவை வீட்டில் இருந்தால், அவையின்ர கோப்பைக்குத் தக்காளியை அளந்துதான் போடவேணும். நாட்டுத் தக்காளி எண்டதால் அது விதிவிலக்கில்லை.

எங்க தொடங்கிறது? முதல் தேடுங்கோ. குப்பைக் கிடங்கடியில், குசினித் தண்ணி போற வாய்க்காலடியில், ஒருத்தரும் நடாமல் வருசாவருசம் தானாய் முளைக்கிற தக்காளி கன வளவில் இருக்கு. சின்னப் பழம், தோல் மெல்லிசு, புளிப்புத் தூக்கல். அது எங்க இருந்து வந்ததெண்டு ஆருக்கும் தெரியாது, நிவாரணப் பக்கற்றின்ர பேரப்பிள்ளையாயும் இருக்கலாம், சனம் இல்லாத வருசங்களில் விழுந்து முளைச்சு விழுந்து முளைச்சு நிண்டதாயும் இருக்கலாம். எதுவாய் இருந்தாலும் அந்த மண்ணில் ஒரு ஆளின்ர உதவியும் இல்லாமல் தப்பினது. இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 'திலின' மாதிரி, ஒட்டில்லாத சாதியில் தொடங்கலாம்.

வாடல் வராத, முதல் காய்ச்ச செடியில், ரெண்டாம் மூண்டாம் குலையில் நல்ல பழத்துக்கு ஒரு நூல் கட்டுங்கோ, வீட்டில் ஒருத்தரும் பிடுங்காமல் இருக்க. நல்லாய்க் கனிஞ்சு தொய்யவிட்டுப் பிடுங்கி, விதையைச் சாறோட ஒரு போத்தலுக்குள்ள பிழிஞ்சு ரெண்டு, மூண்டு நாள் புளிக்க விடுங்கோ. மேல ஆடை படரும், மணக்கும், பரவாயில்லை. விதையைச் சுத்தியிருக்கிற வழுவழுப்பு கரையிறதுக்கும், சில நோய்கள் விதையோட ஒட்டிப் போகாமல் இருக்கிறதுக்கும் அது உதவும். கழுவேக்க அடியில தாழுறது நல்ல விதை, மிதக்கிறதை ஊத்திவிடுங்கோ. நிழலில், கோப்பையில் பரப்பிக் காயவிடுங்கோ. கடதாசியில் காயவிட்டால் ஒட்டிப்பிடிச்சிடும். நல்லாய்க் காய்ஞ்ச விதை நாலு, அஞ்சு வருசம் முளைக்கும். ஒரு இடப்பெயர்வைத் தாங்கக்கூடிய காலம் அது.

ஒரு பங்கை உங்கட வீட்டில வையுங்கோ, ஒரு பங்கை வேற ஊரில் இருக்கிற ஒருத்தருக்குக் குடுங்கோ. பக்கற்றுக்கு மேல வருசத்தை எழுதுங்கோ, வளவு எங்க இருக்கெண்டு எழுதுங்கோ. தக்காளிக்குப் பெயர் தெரியாட்டி, அதைத் தந்த மனிசியின்ர பெயரை எழுதி விடுங்கோ.